ஐந்தொகையில் ஏழையின் கடனும் ஏறட்டும்!

(பல்கலைக்கழகங்கள் நடத்தும் நிதி, கணக்கியல் ஆய்வு மாநாடுகளால் மக்களுக்கு விளைய வேண்டிய பயன் குறித்து மட்டக்களப்பில் ஆற்றப்பட்ட உரை)

 

நிதியும் கணக்கியலும் பற்றிய ஆய்வு மாநாடுகள் என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இத்தலைப்பைக் கேட்டவுடனே, “இது கணக்காளர்க்கும் வங்கியாளர்க்கும் உரிய பேச்சு; தோணி வலிக்கும் எமக்கும், வேளாண்மை விதைக்கும் எமக்கும், தறியில் அமர்ந்திருக்கும் எமக்கும் இதில் என்ன அலுவல்?” என்று உங்களிற் பலர் எண்ணியிருக்கக் கூடும். அவ்வெண்ணத்தை மாற்றுவதே என் பேச்சின் நோக்கம். கணக்கு என்பது காசு உள்ளவனுக்கு மட்டும் உரியதன்று. காசு இல்லாதவனுக்கே கணக்கு மிகுதியும் வேண்டும். என்னை? உள்ளவன் கணக்கிற் பிழைத்தால் இலாபம் குறையும். இல்லாதவன் கணக்கிற் பிழைத்தால் அடுப்பு அணையும்.

மாநாடு என்றால் என்ன நடைபெறுகிறது என்பதை முதலிற் சொல்லி விடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ பீடம் அழைப்பு விடுக்கிறது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கடல் கடந்தும் ஆய்வாளர்கள் கட்டுரைச் சுருக்கங்களை அனுப்புகின்றனர். அவை மதிப்பிடப்படுகின்றன. தேர்ந்தவை அமர்வுகளாகப் பகுக்கப்பட்டு வாசிக்கப்படுகின்றன. கேள்வி எழுகிறது, மறுமொழி பிறக்கிறது, ஈற்றில் ஒரு தொகுப்பு நூல் வெளிவருகிறது. இளம் விரிவுரையாளர் ஒருவர் தம் ஆய்வை முதன்முதலாக அறிஞர் அவையில் நிறுத்திப் பார்க்கும் களம் இது. இறுதியாண்டு மாணவி ஒருத்தி, வேற்றூர்ப் பேராசிரியரின் கேள்விக்கு அஞ்சாது விடை பகரக் கற்கும் பள்ளி இது. இதனை இகழ்ந்து பேசுவோர் அறிவு வளரும் வழியை அறியாதவர். நான் இகழ வரவில்லை. இத்துணை உழைப்பும் எந்தத் திசையை நோக்கிச் செல்ல வேண்டும் என்று கேட்கவே வந்துள்ளேன்.

வந்தாறுமூலையின் கடன்

இப்பிரதேசத்தில் உயர்கல்வி எளிதாக வந்ததன்று. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியில் மட்டக்களப்பு மண் குப்புற வீழ்ந்தது. தென்னையும் வீடும் கல்விச்சாலையும் சாய்ந்தன. மூன்றாண்டு கழிந்து, 1981 ஆகஸ்டில், வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1986 ஒக்டோபர் முதலாம் நாள் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நான்காண்டு செல்லுமுன், 1990 செப்டெம்பரில், அவ்வளாகம் அகதி முகாமாயிற்று. உயிருக்கு அஞ்சி அங்கே தஞ்சம் புகுந்தோரில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. அவ்வீடுகளின் பெண்கள் அன்றுமுதல் குடும்பத் தலைவிகளாயினர். பின்னர் 1995இல் தென்கிழக்கிற்கென ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைத்தது. இன்று வாவிப் பிரதேசத்திற்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு கலைக் கோயில்கள் நிற்கின்றன.

இவற்றிற்கு முன்னமே இம்மண் ஓர் அறிஞனைத் தந்தது. காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் விஞ்ஞானம் கற்றவர். ஆங்கிலத்திற் புலமை மிக்கவர். எனினும், கற்றதைக் கல்லடி உப்போடையில் வாழும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்று கருதி, 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை அங்கே எழுப்பினார். யாழின் இசையைக் கணிதத்தால் அளந்து, அவ்வளவைத் தமிழில் எழுதினார். ஆய்வு என்பது யாருக்குரியது என்னும் கேள்விக்கு வாவிக்கரை தந்த விடை அதுவே. அவ்விடைக்கு இசைய நடப்பதே நம் பல்கலைக்கழகங்கள் இம்மண்ணுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

கணக்கு ஏன் பிறந்தது?

கணக்கியல் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான கலை என்று சிலர் கருதுகின்றனர். இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிசு நகரில் அச்சேற்றி உலகுக்கு விளக்கியவர் லூக்கா பசியோலி என்னும் இத்தாலியத் துறவி என்பது உண்மையே. ஆனால், பேரேடும் ஐந்தொகையும் தமிழ் வணிகர்க்குப் பழக்கமான சொற்கள். இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் கடை விரித்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார், தம் கொடுக்கல் வாங்கலைத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே ஐந்தொகை கட்டினர்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். காஞ்சிக்கு அண்மையில் உள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் உள்ளன. ஊர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிவு செய்யும் விதிகளை அவை கூறுகின்றன. அவ்விதிகளுள் ஒன்றைக் கேளுங்கள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் நிற்கத் தகுதியற்றவன்; அவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய சட்டம் இது. இவ்விதியை இன்று நம் நாட்டிற் கைக்கொண்டால் எத்தனை நாற்காலிகள் வெறுமையாகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டு விடுகிறேன்.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் மற்றொரு செய்தி கூறுகின்றன. கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட பொற்காசுகளை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்றன. காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு அரைக்காற் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அக்காலத்தார் அதனைப் பொலிசை என்றனர். வட்டி கூடியதா, குறைந்ததா என்பதன்று இங்கே நான் சொல்ல வருவது. இன்னார் கொடுத்தது இவ்வளவு, இன்னார் பெற்றது இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று எல்லாரும் காணும் கோயிற் சுவரில், எல்லாரும் அறிந்த மொழியில் வெட்டி வைத்தார்கள். கணக்கின் உயிர்நாடி இதுவே. கொடுத்தவனும் பெற்றவனும் ஊராரும் ஒரே கணக்கை ஒரே கண்ணாற் காண வேண்டும்.

அவ்வாறு காண முடியாதபோது என்ன நேர்கிறது? 2001 டிசெம்பரில் அமெரிக்காவில் என்ரோன் என்னும் பெரு நிறுவனம் வீழ்ந்தது. அதன் கணக்காய்வாளராயிருந்த ஆதர் அண்டர்சன் நிறுவனமும் அதனோடு சரிந்தது. 2009 ஜனவரியில் ஐதராபாத்தின் சத்தியம் நிறுவனத் தலைவர், இல்லாத பணத்தை இருப்பதாகக் கணக்கிற் காட்டினேன் என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். நம் நாட்டிலோ 2008இல் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தது. ஆயுட்காலச் சேமிப்பை அங்கே இட்டிருந்தோர் வீதிக்கு வந்தனர். 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி நீக்கியது. இவையெல்லாம் கணக்குப் பொய்த்ததாலோ, மெய்க்கணக்கை உரிய காலத்திற் காண வேண்டியவர் காணாததாலோ நேர்ந்த கேடுகள். ஆகவே கணக்கியல் ஆய்வாளன் ஏட்டுப் புலவன் அல்லன், ஊர்க் காவலன்.

வாவிக்கரையின் பேரேடு

இனி நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம்.

எழுவான்கரையில் மீனும் கடையும் தறியும்; படுவான்கரையில் வயலும் மாடும் விறகும். இதுவே வாவிக்கரையின் வாழ்க்கை. இங்கே கடன் புதியதன்று. விதைப்புக்குக் கடன் வாங்கி அறுவடையில் தீர்ப்பது தலைமுறை தலைமுறையான வழக்கு. போடியாரும் முல்லைக்காரரும் களத்து மேட்டிலேயே கணக்குத் தீர்த்த காலமும் இருந்தது. அம்முறையில் நீதி குறைவாயிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கடன் கொடுத்தவனின் முகம் தெரிந்தது. கணக்குக் கண்முன்னே நடந்தது.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப் பேரலை எழுவான்கரையை வாரிச் சென்றது. 2007 வரை கிழக்கிற் போர் நின்றெரிந்தது. வள்ளம் போயிற்று, வலை போயிற்று, ஆண் துணை போயிற்று. போர் ஓய்ந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கைகள்தோறும் வந்தன. ஈடு வேண்டாம், காணி உறுதி வேண்டாம், பெண்கள் ஐவர் அறுவர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும் என்றன. வங்கிப் படியேறி வெறுங்கையுடன் திரும்பிய பெண்ணுக்கு அது வரமாகத் தோன்றியது. பங்களாதேசத்தில் 1976இல் சோப்ரா என்னும் சிற்றூரிற் பேராசிரியர் முகம்மது யூனுசு தொடங்கி, 1983இல் கிராமின் வங்கியாக வளர்ந்து, 2006இல் நோபல் பரிசு பெற்ற முறையின் சாயலே இது. அங்கே ஏழைக்கு ஏணியாகக் கருதப்பட்டது, இங்கே பலருக்குப் படுகுழியானது எங்ஙனம்?

விடை கணக்கிலேயே உள்ளது. பொறுமையுடன் கேளுங்கள், இக்கணக்குக்குப் பட்டம் வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு சகோதரி 60,000 ரூபா கடன் பெறுகிறாள் என்று கொள்வோம். “வட்டி நூற்றுக்கு 24 மட்டுமே” என்கிறார் கடன் கொடுப்பவர். ஆண்டு வட்டி 14,400 ரூபா. ஆக மொத்தம் 74,400 ரூபாவைப் பன்னிரண்டு மாதங்களிற் கட்ட வேண்டும். மாதம் 6,200 ரூபா. கேட்பதற்கு நேர்மையாகவே ஒலிக்கிறது. ஆனால் அவள் அந்த 60,000 ரூபாவை ஆண்டு முழுவதும் கையில் வைத்திருந்தாளா? இல்லையே! முதல் மாதமே முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து விட்டாள். இரண்டாம் மாதம் இன்னொரு பகுதி. மாதம் 5,000 ரூபாவாக முதல் குறைந்து வருகிறது என்று கொண்டால், ஆண்டு முழுவதும் சராசரியாக அவளிடம் நின்ற கடன் 32,500 ரூபாதான். 32,500 ரூபாவுக்கு 14,400 ரூபா வட்டி என்றால் நூற்றுக்கு எவ்வளவு? ஏறத்தாழ 44! குறைந்து செல்லும் மீதி முறையில் நுட்பமாகக் கணித்தாலும் 42க்கு அண்மையில் வந்து நிற்கும். இருபத்து நான்கு என்று சொன்ன வாய் பொய் சொல்லவில்லை. ஆனால் மெய்யும் சொல்லவில்லை.

இன்னும் கேளுங்கள். பத்திரச் செலவு, காப்புறுதி என்று 3,000 ரூபாவை முன்னமே கழித்துக்கொண்டு 57,000 ரூபாவைக் கையிற் கொடுத்தால், அந்த வட்டி வீதம் 50ஐயும் தாண்டி விடுகிறது. தவணை தவறினால் தண்டம். தண்டத்தைத் தவிர்க்க இன்னொரு நிறுவனத்திடம் கடன். அதைக் கட்ட மூன்றாவது நிறுவனம். ஒருத்தி கட்டாவிடில் குழுவிலுள்ள மற்றையோர் கட்ட வேண்டும்; நேற்றுவரை உடன்பிறந்தார்போல் இருந்தவர்கள் இன்று முகம் பாராது போகின்றனர். கடன்காரர் வரும் நாளன்று கதவைப் பூட்டிக்கொண்டு பற்றைக்குள் ஒளிந்திருக்கும் தாயை இப்பிரதேசத்தில் அறியாதவர் யார்? உயிரையே மாய்த்துக்கொண்ட துயரங்களும் நிகழ்ந்தன.

இது மிகைக் கூற்றன்று. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன், மனித உரிமைகள் குறித்த சுதந்திர வல்லுநர் யுவான் பப்லோ பொகோசுலாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 விழுக்காடு வரை சென்றதை எடுத்துக் காட்டினார். அவ்வாண்டே அரசாங்கம், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களிற் கட்ட முடியாது நின்றவற்றைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. ஆண்டிறுதியில், தன் கண்காணிப்பிலுள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு 35 விழுக்காடு என மத்திய வங்கி உச்சவரம்பு விதித்தது. எனினும் துயர் அத்துடன் தீரவில்லை. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிற் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்கள் சிங்களத் தாய்மார். இங்கே அழுதவர்கள் தமிழ், முசுலிம் தாய்மார். கடனுக்கு மொழியுமில்லை, மதமுமில்லை.

மறுதரப்பின் வாதம்

நியாயம் பேச வந்தவன் மறுதரப்பையும் கேட்க வேண்டும். “வங்கிகள் திரும்பியும் பாராத ஏழைக்கு நாங்களன்றோ கடன் கொடுத்தோம்? ஒவ்வொரு வீடாகச் சென்று சிறு தொகைகளைத் தண்டுவதற்குச் செலவு மிகுதி. வட்டியை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தினால் நாங்கள் போய்விடுவோம், ஏழை மீட்டர் வட்டிக்காரனிடம் சிக்குவான்” என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். இதனைப் புறந்தள்ள இயலாது. 2010 ஒக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு, தற்கொலைகள் மலிந்தது கண்டு, அவசரச் சட்டத்தால் நுண்கடன் நிறுவனங்களை இறுக்கியது. திருப்பிச் செலுத்துவது அங்கே ஏறக்குறைய நின்றது. புதுக் கடன் கொடுப்பதும் நின்றது. பின்னர் இந்திய ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, 2011இல் அறிக்கை பெற்று, இத்துறைக்குப் புதிய ஒழுங்குகளை வகுத்தது. வெறும் தடை தீர்வாகாது, வெறும் சுதந்திரமும் தீர்வாகாது என்பதே ஆந்திரம் தந்த பாடம்.

அப்படியாயின் எது தீர்வு? எந்த வீதம் நியாயம்? ஒரு கடனைத் தண்டும் மெய்ச் செலவு என்ன? எத்தனை கடன் வரை ஒரு குடும்பம் தாங்கும்? மீன் பருவமும் வேளாண்மைப் போகமும் பார்த்துத் தவணை அமைத்தால் என்ன? வட்டியை விலக்கி இலாப நட்டத்திற் பங்குகொள்ளும் நிதி முறை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள சிறு வணிகர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் ஏற்புடையதாகுமா? இக்கேள்விகளுக்கு மேடைப் பேச்சாளன் விடை தர இயலாது. அரசியல்வாதி விடை தந்தால் நம்பவும் இயலாது. கணக்கியல் அறிஞரே விடை தர வேண்டும். ஆய்வு மாநாட்டின் பணி இங்கேயன்றோ தொடங்குகிறது?

ஆனால் நடப்பது என்ன? நாட்டில் நடைபெறும் நிதியியல் ஆய்வுகளைப் புரட்டிப் பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிந்த கம்பனிகளின் மூலதன அமைப்பு இலாபத்தை எவ்வாறு பாதிக்கிறது, பங்கிலாபம் பங்கு விலையை எவ்வாறு அசைக்கிறது, பணிப்பாளர் சபையின் பருமன் என்ன செய்கிறது என்பன போன்ற தலைப்புக்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆயினும் அவை ஏன் இத்துணை மலிந்தன? கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் அச்சிட்டுக் கிடைக்கின்றன. இருந்த இடத்திலிருந்தே எண்களைத் திரட்டலாம். படுவான்கரைப் பெண்ணின் கணக்கு எங்கும் அச்சிடப்படவில்லை. அதனை அறிய வெயிலில் நடக்க வேண்டும். வாவியைக் கடக்க வேண்டும். திண்ணையிற் குந்தியிருந்து கேட்க வேண்டும். இருக்கும் கணக்கை ஆராய்வது எளிது. எழுதப்படாத கணக்கை எழுதி ஆராய்வதே அரிது, அதுவே பெரிது.

நாட்டின் கடனும் வீட்டின் கடனும்

2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று இலங்கை அரசு உலகறியக் கூறியது. சுதந்திர இலங்கையின் வரலாற்றில் அதற்கு முன் நேராத இழிவு அது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 விழுக்காடாயிற்று. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதிகள் இருவரும் முன்னாள் நிதியமைச்சரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உள்ளிட்டோர், பொருளாதாரத்தைக் கையாண்டதிற் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நாட்டின் பேரேட்டை எழுதியவர்களே நாட்டை மறந்தனர்.

அரசாங்கம் கடனைக் கட்ட முடியாதபோது என்ன செய்தது? கடன் கொடுத்தோரை அழைத்துப் பேசியது, தவணையை நீட்டியது, வட்டியைக் குறைக்கக் கேட்டது. அதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று அழகிய பெயர் சூட்டப்பட்டது. ஒரு விதவைத் தாய் கட்ட முடியாதபோது என்ன நேர்ந்தது? கடன் தண்டுவோர் முற்றத்தில் நின்று ஏசினர். நாட்டுக்கு ஒரு நீதி, நாட்டுக்குடைய குடிக்கு வேறு நீதியா? வீட்டுக் கடனுக்கும் மறுசீரமைப்பு வேண்டும் என்று சொல்லும் துணிவு, தக்க எண்களுடன் வாதிடும் வலிமை, பல்கலைக்கழகத்தின் ஆய்வு மேடையிலிருந்து எழ வேண்டும்.

நாம் கேட்பவை

அன்பர்களே! குறை கூறி அமர்வது என் எண்ணமன்று. கிழக்கில் நடைபெறும் நிதி, கணக்கியல் மாநாடுகளிடம் நாம் கேட்க வேண்டியவற்றை நிரைப்படுத்துகிறேன்.

முதலாவது, வாவிக்கரையின் கடன் கணக்கை ஆண்டுதோறும் எடுங்கள். எழுவான்கரையிற் சில ஊர்கள், படுவான்கரையிற் சில ஊர்கள். யார் எவ்வளவு பெற்றார், எதற்குப் பெற்றார், மெய்வட்டி எவ்வளவு, எதை விற்றுக் கட்டினார் என்பவற்றைப் பெயர் வெளியிடாது பதிந்து, மாநாட்டிற்கு மாநாடு ஒப்பிடுங்கள். பத்தாண்டு சென்றால் அதுவே எந்த அமைச்சரும் மறுக்க முடியாத ஆவணமாகும்.

இரண்டாவது, கடன் பத்திரத்தின் முதற் பக்கத்தில், பெறுவோரின் தாய்மொழியில், கையிற் கிடைக்கும் தொகை இவ்வளவு, கட்டும் மொத்தத் தொகை இவ்வளவு, மெய்வட்டி இவ்வளவு என்று மூன்றே வரியில் எழுதும் மாதிரியை வகுத்துத் தாருங்கள். தஞ்சைச் சுவரில் எழுத முடிந்ததை ஒரு தாளில் எழுத முடியாதா? மாதிரியை அறிஞர் வகுத்தால், அதனைச் சட்டமாக்கும்படி மக்கள் பிரதிநிதிகளை நாம் வற்புறுத்தலாம்.

மூன்றாவது, வேளாண்மைக் கணக்கை எடுங்கள். விதைக்கும்போது கடன், அறுக்கும்போது கடனைத் தீர்க்கும் அவசரம், ஆதலால் நெல் ஈரமாயிருக்கும்போதே, விலை வீழ்ந்திருக்கும்போதே விற்பனை. பின்பு விலை ஏறும்போது நெல் வேறொருவன் களஞ்சியத்தில்! 1971ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த நெல் சந்தைப்படுத்தும் சபை இச்சுழலை அறுக்கவில்லை. நெல்லைச் சேமித்து, அதன்மேற் சிறு வட்டிக்குக் கடன் கொடுத்து, விலை ஏறிய பின் விற்கும் முறை இங்கே இலாபம் தருமா? ஓர் ஏக்கருக்கு உழவுக் கூலி, உரம், வெட்டுக் கூலி என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

நான்காவது, ஆய்வைத் தமிழிலும் தாருங்கள். உலக அறிஞரோடு உரையாட ஆங்கிலம் வேண்டும். அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால், உன்னிச்சைக் கமக்காரனைப் பற்றிய ஆய்வை உன்னிச்சைக் கமக்காரன் வாசிக்க முடியாவிடில் அந்த ஆய்வு பாதி வழியிலே நின்று விடுகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேண்டும். தென்னிலங்கை ஆய்வாளர் அறியச் சிங்களச் சுருக்கமும் இருந்தால் நன்று. ஐந்தொகை, பேரேடு, தேய்மானம், கணக்காய்வு என்று சொற்கள் நம்மிடம் நிறைந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளை உயர்தரத்திற் கணக்கீட்டைத் தமிழிலேயே கற்கிறாள். சொல் இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

ஐந்தாவது, மாநாட்டின் ஓர் அமர்வை மண்டபத்திற்கு வெளியே நடத்துங்கள். மீனவர் சங்கத்தாரும் மாதர் சங்கத்தாரும் வந்து கேட்கட்டும். அவர்களும் கேள்வி கேட்கட்டும். அக்கேள்விக்கு நின்று விடை சொல்லும் ஆய்வாளரே உண்மை ஆய்வாளர்.

நமது பங்கு

பல்கலைக்கழகத்திடம் மட்டும் கேட்டு நாம் கைகட்டி இருப்பதா? இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே பிறந்தது. 1961இல் மக்கள் வங்கி கூட்டுறவு இயக்கத்தின் தோளிலேயே எழுந்தது. ஐக்கிய நாணய சங்கங்கள் நம் ஊர்களிலும் இருந்தன. அவை பல இடங்களில் ஏன் நலிந்தன? போர் ஒரு காரணம். பணத்தின் மதிப்பு வீழ்ந்தது ஒரு காரணம். ஆனால், கணக்குக் காட்டாத தலைவர்களும், கணக்குக் கேட்காத உறுப்பினர்களும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடலாமா? சங்கக் காசு பொதுக் காசு. பொதுக் காசு யார் காசுமல்ல என்று எண்ணிய இடமெல்லாம் சங்கம் அழிந்தது. கோயிற் பரிபாலன சபை முதல் மரண சகாய சங்கம் வரை, ஆண்டுக்கொருமுறை கணக்கை எழுதி ஊர் மடத்திற் பலகையில் ஒட்டும் வழக்கத்தை நாம் தொடங்க வேண்டும். உத்தரமேரூர் விதியை நாடாளுமன்றத்திற்குச் சொல்லுமுன் நம் ஊர்ச் சங்கத்திற் கைக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மாணவர்களே, உங்கள் உதவி வேண்டும். வணிகம் கற்கும் ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு சில நாள்களை ஒரு சிறு சங்கத்தின் கணக்கைச் சீர்செய்யக் கொடுத்தால் என்ன? நாட்குறிப்பும் பேரேடும் எழுதப் பழக்குங்கள். ஐந்தொகை கட்டிக் காட்டுங்கள். ஒரு தாய் கடன் பத்திரத்தோடு வந்தால், அதன் மெய்வட்டியைக் கணித்துச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. கணக்கறிந்த பெண்ணை எந்தக் கடன்காரனும் எளிதில் ஏய்க்க முடியாது. அவளே நாளை சங்கத்தின் தலைவியாகி, ஊருக்குக் கணக்குக் காட்டுவாள். ஊராரிடமும் கணக்குக் கேட்பாள்.

ஆய்வாளப் பெருமக்களே! உங்கள் மாநாடுகள் ஓங்குக. உலகின் அறிஞர்கள் வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் வருக. பங்குச் சந்தையையும் ஆராய்க. பன்னாட்டுக் கணக்கீட்டு நியமங்களையும் ஆராய்க. ஆனால், நீங்கள் கட்டும் ஐந்தொகையில் வாவிக்கரை ஏழையின் கடனும் ஓர் உருப்படியாக ஏறட்டும். அது ஏறும்வரை அந்த ஐந்தொகை சமன்படாது என்பதை உங்கள் கலையே உங்களுக்குச் சொல்லும்.